மூன்று பத்து வெள்ளி

அண்ணன் மகள் லீட்ஸிலிருந்து வந்து பத்து நாளாகிறது. பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை, அதற்குள் முப்பத்தொரு இடங்களுக்கு வேலை கேட்டு எழுதிவிட்டாளாம். பதில் வந்தது நான்கு. நான்கும் "நன்றி, ஆனால்..." வகை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவள், தட்டில் தோசை ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிநாட்டுல படிக்கிறேன்னு சொன்னா உடனே கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன் அத்தை."

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் நம் வீடுகள் பலவற்றில் கேட்கும் வசனம்தான். இதில் பிள்ளைகளின் தகுதியைவிட நாள்காட்டியின் குற்றம்தான் அதிகம். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் மே முதல் வாரத்திலேயே தேர்வு முடிந்துவிடும். அந்த மாணவர்கள் அடுத்த வாரமே வேலையிடப் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகள் ஜூன் நடுவில் சாங்கியில் இறங்கும்போது நாற்காலிகள் நிரம்பியிருக்கும். பெரிய வங்கிகள் இன்னும் முன்யோசனைக்காரர்கள். அடுத்த ஆண்டுக் கோடைக்கான ஆட்களை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தேட ஆரம்பித்துவிடுவார்கள். (நமக்கு ஏது கோடை? பன்னிரண்டு மாதமும் அதே வெயில், அதே மழை. ஆனாலும் 'சம்மர் ஜாப்' என்றுதான் பிள்ளைகள் சொல்கிறார்கள்.)

இதையெல்லாம் சொன்னேன். அவள் தோசையைக் கிள்ளியபடி, "ஒரு கடையில ஆள் கேக்கறாங்க. போகலாம்னு பார்த்தா அம்மா வேணாங்கறாங்க. சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றதுன்னு கவலை. சிவியில எப்படிப் போடறதுன்னு எனக்கும் தெரியல" என்றாள்.

அண்ணியை நான் குறை சொல்ல மாட்டேன். இதே கவலையில் நானும் சில வாரம் ஒளிந்து வாழ்ந்திருக்கிறேன்.

2009. நான் மான்செஸ்டரில் பொருளியல் இரண்டாம் ஆண்டு. பாடப்புத்தகத்தில் படித்த பொருளியல் மந்தம் எங்கள் ஹவ்காங் வீட்டுக்கே வந்துவிட்ட ஆண்டு. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அடுத்த மாதமே, ஆசியாவில் முதலாவதாக மந்தத்துக்குள் போன நாடு சிங்கப்பூர் என்று செய்தி வந்தது. அப்பா வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்யவில்லை, ஆனால் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள். மத்திய சேம நிதியை உள்ளூர்ப் படிப்புக்கு எடுக்கலாம், வெளிநாட்டுப் படிப்புக்கு எடுக்க முடியாது. அதனால் என் படிப்பு முழுக்க வங்கிக் கடனில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஆறுதல் பவுண்டு விழுந்தது. 2007 கடைசியில் மூன்று வெள்ளியை ஒட்டி இருந்தது, நான் திரும்பிய சமயம் இரண்டு வெள்ளி முப்பது, நாற்பது காசுக்கு இறங்கியிருந்தது. லண்டன்காரர்களின் துன்பத்தில் எங்கள் வீட்டில் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

மூன்றாம் ஆண்டு அறை வாடகை வாரம் 65 பவுண்டு. அதையாவது நானே சம்பாதித்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வங்கி, காப்புறுதி, ஆலோசனை நிறுவனம் என்று எழுதிப்போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை, என் அண்ணன் மகளுக்கு இருக்கும் ஒழுங்கு எனக்கு இல்லை. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் மூன்றாம் வாரம் அம்மா மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பினார். பிரார்த்தனையை முடித்துவிட்டு பகோடா ஸ்திரீட் வழியாக எம்ஆர்டிக்கு நடந்தபோது ஒரு நினைவுப்பொருள் கடையின் தூணில் அட்டை ஒட்டியிருந்தது. மாபெரும் சிங்கப்பூர் விற்பனை நடந்துகொண்டிருந்த நேரம், ஆள் தேவை. உள்ளே போனேன். தாவ்கே அறுபத்தைந்து வயதிருக்கும், பனியனும் அரைக்கால் சட்டையும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கே படிக்கிறாய் என்றார். இங்கிலாந்து என்றேன். சட்டென்று இரண்டடி பின்னால் போனார்.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எச்1என்1 காய்ச்சல் மே 27ஆம் தேதிதான் சிங்கப்பூரில் முதன்முதலாக உறுதியாகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய மாணவர்களைப் பார்த்தாலே லிஃப்டில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

"கேர்ள், இன்னும் ஒரு வாரம் காய்ச்சல் வரலைன்னா வா" என்றார். வரவில்லை. போனேன். மணிக்கு ஐந்து வெள்ளி, மதியச் சாப்பாடு, வாரத்துக்கு ஆறு நாள்.

வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? "சைனாடவுன்ல ஒரு ஏற்றுமதி நிறுவனம்." பொய்யில்லை. அந்த டி-சட்டைகள் எல்லாம் ஆஸ்திரேலியாவுக்கும் ஜெர்மனிக்கும்தானே போகின்றன! அம்மா அதை உறவினர்களிடம் சொல்லும்போது அது 'இன்டர்ன்ஷிப்' ஆகிவிட்டது. பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஒரு மேசையும் கணினியும்கூடக் கிடைத்திருந்தன.

உண்மையில் எனக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதிலும் உட்காரக்கூடாது, உயரத்தில் தொங்கும் சீனப் பட்டுச் சட்டையை எடுத்துக் கொடுக்க மட்டும். "மூன்று பத்து வெள்ளி, மூன்று பத்து வெள்ளி" என்று கூவ வேண்டும். முதல் நாள் குரலே வரவில்லை. தாவ்கேயின் மனைவி, நாங்கள் எல்லாரும் ஆன்ட்டி என்போம், என் பக்கத்தில் நின்று ஒரு கூவல் கூவினார். தெருக்கோடியில் நின்ற சுற்றுப்பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் நானும் கூவினேன். இப்போதும் அலுவலகக் கூட்டங்களில் என் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும். அந்தப் பயிற்சிதான்.

நாளுக்குப் பத்து முறையாவது யாராவது கேட்பார்கள்: "இது பகோடா தெருவாமே, பகோடா எங்கே?" தெருவின் முனையில் தெரியும் கோபுரத்தைக் காட்டுவேன். நம்ப மாட்டார்கள். சைனாடவுனில் சீன பகோடாவைத் தேடி வந்தவருக்கு மாரியம்மன் கோயில் கோபுரத்தைக் காட்டினால் எப்படி நம்புவார்? ஆனால் பெயர் அதனால் வந்ததுதான். அடுத்த தெரு டெம்பிள் ஸ்திரீட், அதுவும் அதே கோயில். இந்தப் பக்கம் மாஸ்க் ஸ்திரீட், 1826இல் சூலியா முஸ்லிம்கள், அதாவது நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள், தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசலால் வந்த பெயர். சீனர்களின் பேட்டை என்று உலகமே சொல்லும் இடத்தில் மூன்று தெருக்களின் பெயர் தமிழர் கட்டிய கோயிலாலும் பள்ளியாலும் வந்தது. பதினைந்து ஆண்டு சிங்கப்பூர்ப் பள்ளிப்படிப்பில் இது என் காதில் விழவே இல்லை. சட்டை விற்கப் போனதால் தெரிந்துகொண்டேன், அதுவும் சுற்றுப்பயணிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில்.

கோயிலை 1827இல் நிறுவிய நாராயண பிள்ளையைப் பற்றியும் அப்போதுதான் படித்தேன். 1819இல் ராஃபிள்ஸுடன் கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர். வந்த இடத்தில் வீடு கட்ட ஆளில்லை என்று கண்டு பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்து, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்தார். 1822இல் கடை தீயில் போயிற்று, கடனாளியானார், மறுபடி எழுந்தார். கோயிலுக்குள் இருக்கும் அவர் பெயருக்கு முன்னால் எத்தனையோ முறை கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அவரும் இதே பேட்டையில் துணி விற்றவர் என்று தெரிந்த பிறகு கொஞ்சம் உறவு மாதிரி ஆகிவிட்டார்.

ஜூலை இரண்டாம் வாரம். மழை, கடையில் ஈ இல்லை. ஆன்ட்டி கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். "கேர்ள், நீ எகனாமிக்ஸ்தானே படிக்கிறே? இதைப் படிச்சுச் சொல்லு."

அது ஒரு நிதி நிறுவனத்தின் கடிதம். ஆன்ட்டி தன் நிரந்தர வைப்பு முதிர்ந்தபோது 30,000 வெள்ளியை அவர்கள் சொன்ன 'மினிபாண்ட்' என்ற பத்திரத்தில் போட்டிருந்தார். ஐந்து விழுக்காடு வட்டி, வைப்பு மாதிரிதான் என்று சொன்னார்களாம். லேமன் விழுந்தபோது அதுவும் விழுந்தது. அவர் ஒருவர் மட்டுமல்ல. மினிபாண்டும் அது போன்ற மற்றப் பத்திரங்களும் சேர்த்து, கிட்டத்தட்டப் பத்தாயிரம் பேரின் 50 கோடி வெள்ளிக்கு மேல் சிக்கியிருந்தது. முந்தைய ஆண்டு அக்டோபரில் ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் அவர்கள் கூடியது செய்தியில் வந்ததே, அந்தப் பூங்கா எங்கள் கடையிலிருந்து சில நிமிட நடை. ஆன்ட்டி கடையைத் தாவ்கேயிடம் விட்டுவிட்டு அங்கே போய் நின்றாராம். யாரும் பேசியது பாதி புரியவில்லையாம்.

கடிதம் இரண்டு பக்கம். உங்கள் புகாரை ஆராய்ந்தோம், ஆபத்துகளை விளக்கும் தாளில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள், வருந்துகிறோம். மகன் முதல் பத்தியைப் படித்துவிட்டு "காசு கிடையாதாம் மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம். நான் கடைசிப் பத்தி வரை போனேன். முடிவில் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் நிதித்துறைப் பூசல் தீர்வு நிலையத்துக்குப் போகலாம் என்று சின்னதாக எழுதியிருந்தது. ராபின்சன் ரோட்டில்தான் அலுவலகம், நடந்தே போகலாம். சமரசப் பேச்சுக்குக் கட்டணமில்லை, தீர்ப்புவரை போனால் 50 வெள்ளி.

ஆனால் ஆன்ட்டி கேட்டது வேறு. "என் காசு எங்கே போச்சு?"

இரண்டு ஆண்டு பொருளியல் படித்திருந்தேன். வரைபடம் போடத் தெரியும், சூத்திரம் தெரியும். இந்தக் கேள்விக்கு வாய் திறக்க வரவில்லை. அன்றிரவு அந்தப் பத்திரத்தின் விளக்கக் குறிப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று முறை படித்தேன். மறுநாள் சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னேன்: "ஆன்ட்டி, இது நீங்க அவங்களுக்குக் கொடுத்த கடன்னு நினைக்காதீங்க. ஏழெட்டுப் பெரிய நிறுவனங்களுக்கு நீங்க ஜாமீன் போட்டிருக்கீங்க. அதுல யார் ஓடிப்போனாலும் உங்க காசு போகும். அந்த ஜாமீனுக்குக் கூலிதான் அஞ்சு விழுக்காடு. நடுவில உட்கார்ந்து கணக்கு வைச்சிருந்தவர் லேமன். ஜாமீன் வாங்கினவங்க ஓடறதுக்கு முன்னால கணக்குப்பிள்ளையே விழுந்துட்டார்."

தாவ்கே அதுவரை கேட்காதது மாதிரி கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "ஜாமீனா? நான் என் சொந்தத் தம்பிக்கே ஜாமீன் போட்டதில்லை!" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆன்ட்டி அழவில்லை. "இதை அன்னைக்கே அந்தப் பையன் இப்படிச் சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

அதைத்தான் மனுவில் எழுதினோம். மழை பெய்த மூன்று மதியங்கள் பிடித்தன. தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது, ஆங்கிலம் படிக்கத் தெரியாது, என்ன சொன்னார்கள், எந்த மேசையில், யார் பேனா கொடுத்தார். அவர் சீனமும் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொல்ல, நான் எழுதிப் படித்துக் காட்டினேன். ஜூலை 7ஆம் தேதிதான் நாணய ஆணையம் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டு, பத்து நிறுவனங்கள் இத்தகைய பத்திரங்களை விற்க ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை தடை போட்டிருந்தது. அந்தச் செய்தித்தாளையும் வெட்டி இணைத்தோம்.

இந்தச் சமயத்தில்தான் ஆடி பிறந்தது.

மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒளிந்து வேலை பார்ப்பவள் ஆடி வெள்ளியை மறக்கலாமா? மறந்துவிட்டேன். காலை பதினொரு மணிக்கு முழுக்குரலில் "மூன்று பத்து வெள்ளி" என்று கூவிக்கொண்டு திரும்பினால், எதிரே பட்டுச்சேலையில் பெரியம்மா. பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு அம்மா. இரண்டடி பின்னால், அன்று வேலை இல்லாத அப்பா.

முக்காலிக்குப் பின்னால் உட்காரப் பார்த்தேன். முக்காலி சின்னது.

பெரியம்மா என்னைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், சட்டைகளைப் பார்த்தார். "இதுதான் இன்டர்ன்ஷிப்பா?" என்று கேட்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கேட்டது: "பத்து வெள்ளிக்கு நாலு தர மாட்டியா?"

தாவ்கே வந்து அப்பாவைப் பார்த்தார். இருவருக்கும் பொது மொழி பசார் மலாய். இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தெரியாத அந்த மொழியில் இருவரும் கால் மணி நேரம் நின்று பேசினார்கள். ஆன்ட்டி பழுப்பு உறையை எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினார். அப்பா என் கையெழுத்தில் இருந்த மனுவை மெதுவாக, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியம்மாவுக்கு நான்கு சட்டை கிடைத்தது.

இரவு எட்டு மணிக்குக் கடை மூடும்போது அப்பா எம்ஆர்டி வாசலில் நின்றார். ரயிலில் லிட்டில் இந்தியா தாண்டும் வரை பேசவில்லை. பிறகு, "மணிக்கு எவ்வளவு?" என்றார். ஐந்து என்றேன். "நான் 1973இல் ஜூரோங்ல சேர்ந்தப்ப நாளைக்கே ஆறு வெள்ளிதான்" என்றார். ஹவ்காங்கில் இறங்கும்போது, "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

அம்மாவின் கோபம் ஒரு வாரம் இருந்தது. கடையில் நிற்பதில் அவருக்கு வருத்தமில்லை, தன்னிடம் மறைத்ததில்தான். அதிலும் நியாயம் இருக்கிறது.

பதினோரு வாரத்தில் சேம நிதிக்கு 20 விழுக்காடு பிடித்தது போக, கையில் 2,600 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். பதினாறு, பதினேழு வார வாடகை. செப்டம்பரில் கிளம்பும்போது தாவ்கே மூன்று டி-சட்டை கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஆன்ட்டிக்கு அடுத்த ஆண்டு போட்ட காசில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பக் கிடைத்தது. முழுவதும் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவரோ சமையலறைக்குப் புதிதாக ஓடு போட்டுவிட்டு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

அந்த வேலையை என் சிவியில் எழுதினேனா? இல்லை. மூன்று ஆண்டு கழித்து, மூன்றாவது வேலைக்குப் போகும்போதுதான் தயங்கித் தயங்கி ஒரு வரி சேர்த்தேன். நேர்காணலில் அந்த அம்மையார் கேட்டது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆனாலும் வேலை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கதையைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் மகள், "அந்தக் கடை இன்னும் இருக்கா அத்தை?" என்றாள். இல்லை. தாவ்கே ஓய்வுபெற்று, இப்போது அந்த இடத்தில் குளிர்சாதனத்தோடு ஒரு பலகாரக் கடை. கோபுரம் மட்டும் தெருமுனையில் அப்படியே தெரிகிறது. "பகோடா எங்கே" என்று இன்னமும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நேற்று இரவு குறுஞ்செய்தி வந்தது. துணிக்கடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்களாம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அம்மாவிடம் அவளே சொல்லிவிட்டாளாம். என்ன உடுத்துவது என்று கேட்டிருந்தாள்.

செருப்பைப் பார்த்துப் போடு என்று பதில் அனுப்பினேன். பத்து மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்.